பெயரும் வழக்கும்

பொருள்களை அறிதற்குப் பெயரே வாயிலாகும். ஒரு பொருளுக்கு ஒரு பெயரே அமைந்து, அப்பெயரும் அப்பொருளை மட்டுமே குறிக்குமாயின், ஐயம் தோன்ற இடமில்லை. மொழி அவ்வாறு இயங்குவதன்று. ஒரு பொருள் பல பெயர் பெறுதலும், ஒரு பெயர் பல பொருளைக் குறித்தலும் எங்கும் காணப்படுவனவே. ஆதலின் பெயரை எழுதிவைப்போர், அஃது எவ்விடத்தில், எக்காலத்தில், எப்பொருளில் வழங்குகிறது என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். அதனை வழக்குக் குறிப்பு என்னலாம். புதுச்சேரியைச் சார்ந்த பாகூர், வில்லியனூர் என்னும் இரு கொம்யூன்களில் வழங்கும் பெயர்கள் இதன் இன்றியமையாமையை நன்கு விளக்குவனவாம்.

பாகூரின் பெருமையை உணர்த்துவது ஒரு செப்பேடு. அது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னனாகிய நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுந்தது. வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் அமைந்த அச்செப்பேடு, அவ்வூரில் இருந்த உயர்கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்ற செய்தியைக் கூறுகின்றது. ஆயின் அதில் ‘பாகூர்’ என்னும் பெயரைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். ஆங்கு உள்ள பெயர் வாகூர் என்பதாம். பிற்காலத்தில் வகரம் பகரமாயிற்று. பிரெஞ்சு ஆட்சியினர் தம் ஏடுகளிலும் பகர ஒலியே முதலாக எழுதினர். இன்று அரசு ஏடுகளில் நிற்பதும் பாகூரே. ‘வாகூர் என்பது பாகூரின் பழைய வடிவம்; கல்வெட்டு, செப்பேடுகளில் வருவது’ என்னும் ஒரு வரிக் குறிப்பு இல்லையேல், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முற்பட்ட கல்விச் சிறப்பு அவ்வூர்ச் சிறுவர்க்கே அயலூர்ச் செய்தியாய்விடும்.

வில்லியனூரின் நிலை வேறு. அங்குள்ள திருக்காமீசுவரர் கோயிலைப் பற்றிய தலபுராணம் வில்லைப் புராணம் எனப்படும். குறிப்பறியாதவன் ‘வில்லை’ என்பதை வில் என்னும் பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தது என்று கொண்டு, படைக்கலத்தைப் பற்றிய நூல் போலும் என்று மயங்குவான். வட்டத் துண்டாகிய வில்லை என்று கொள்வாரும் இருப்பர். தஞ்சாவூர் தஞ்சை என்று வருவது போல, வில்லியனூர் வில்லை என்று மருவிற்று என அறிந்தவர்க்கோ மயக்கம் இல்லை.

ஊர்ப்பெயரில் நேரும் மயக்கம் அறிவைக் கெடுக்கும். அளவுப்பெயரில் நேரும் மயக்கம் பொருளையும் கெடுக்கும். புதுச்சேரிப் பகுதியில் நிலத்தைக் குழிக் கணக்கில் கூறுவர். அங்கு ஒரு குழி என்பது நீளமும் அகலமும் 24 அடியாகிய பரப்பு. அதாவது 576 சதுர அடி. தஞ்சைப் பகுதியிலோ 12 அடிக்கு 12 அடியாகிய 144 சதுர அடியே ஒரு குழியாகும். எனவே 100 குழி என்பது தஞ்சையில் 14,400 சதுர அடியாகிய ஒரு மா. புதுச்சேரியில் 57,600 சதுர அடியாகிய ஒரு காணி. சொல் ஒன்று, நிலம் நான்கு மடங்கு. இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஓர் ஏக்கராகும். பள்ளம் என்னும் பொருளிலும் குழி என்னும் சொல் வழங்குவதை எண்ணின், குறிப்பின் தேவை மேலும் விளங்கும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். நிலக்கொடையைக் கல்லில் பொறித்தபோது, இத்தனை சாண் கோலால் அளந்தது என்று கோலின் அளவையும் பொறிக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. இலக்கண நூலார் மரூஉவை இயல்பு வழக்கிலும், ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியைத் தகுதி வழக்கிலும் வைத்து விளக்கினர். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்பனவற்றைச் சுருக்கக் குறிகளால் உணர்த்துகின்றது.

இப்பணி இந்நாளில் கணினியிலும் நடைபெறுகின்றது. ஊர், கோயில், நூல், அளவு முதலிய ஒவ்வொன்றையும் ஒரு முடிச்சாகவும், அவற்றிடையே உள்ள தொடர்பை இழையாகவும் கொண்டு அமைக்கும் தொகுதியை அறிவு வலை என்னலாம். 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற விக்கித்தரவு அத்தகையது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பெயர் பலவாயினும் எண் ஒன்றே. வாகூரும் பாகூரும் ஓரெண்ணின்கீழ் அடங்கும். தஞ்சைக் குழியும் புதுச்சேரிக் குழியும் வெவ்வேறு எண் பெறுதல் வேண்டும். இவற்றை ஒன்றாக்குவதா வேறாக்குவதா என்பதைக் கணினி தானே அறியாது. மக்கள் எழுதும் குறிப்பே அதற்கு வழிகாட்டி. பாண்டிச்சேரி என்னும் அரசுப் பெயர் 2006ஆம் ஆண்டில் புதுச்சேரி என மாற்றப்பெற்றது. அவ்வாண்டைக் குறித்தால்தான் முந்திய ஆவணங்களும் பிந்திய ஆவணங்களும் ஓர் ஊரையே சுட்டுதல் புலனாகும்.

குறிப்பெழுதுவோன் ஐந்தனை நோக்குதல் வேண்டும். அவை வடிவம், பொருள், இடம், காலம், சான்று என்பன. தான் கேட்டறியாத வடிவத்தைப் பிழையென்று தள்ளுதல் அவன் கடமையன்று. வழங்குவதை வழங்கியவாறு எழுதுதலே கடமை. வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஊர் முதியோர் இட்டு வழங்கும் பெயர்கள் பல, இன்னும் எந்த ஏட்டிலும் ஏறாதவை. அவை அவர்தம் நாவோடு மறைந்துபோகாமற் காத்தல் எழுத்தறிந்த இளைஞர் கையில் உள்ளது.

பயிற்சி

1. வழக்குக் குறிப்பு என்பது யாது? அதில் அமையவேண்டிய ஐந்து கூறுகள் யாவை?
2. ‘சொல் ஒன்று, நிலம் நான்கு மடங்கு’ – விளக்குக.
3. உம் ஊரிலுள்ள ஏரி, வாய்க்கால், வயல் ஆகியவற்றின் பெயர்கள் ஐந்தனை முதியோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் வழக்குக் குறிப்பு எழுதுக.