படகும் மரையாணியும்

கடலிற் செல்லும் படகுக்குப் பகை யாது என்று வினவினால், புயல் என்பார் சிலர். பாறை என்பார் சிலர். பேரலை என்பார் வேறு சிலர். இவை யாவும் பகையே. ஆயினும், இவை வெளிப்பட்டு வரும் பகைகள். புயற்குறி கண்டால் கரையில் தங்கலாம்; பாறையைக் கண்டால் விலகிச் செல்லலாம். படகின் உள்ளேயே குடியிருந்து, பல ஆண்டுகள் ஓசையின்றி உழைத்து, ஒருநாள் அதனைக் கெடுக்கும் பகையும் ஒன்று உண்டு. அது, விரற்பருமனே உள்ள ஓர் ஆணித்துளையின் வழியே கசிந்து புகும் நீராகும்.

நம் முன்னோர் இப்பகையை நன்கு அறிந்திருந்தனர். கட்டுமரத்திற்கு இவ்வச்சம் இல்லை. மரமே மிதப்பதாலும், இடையே புகும் நீர் தானே வடிந்துவிடுவதாலும் அதற்கு அடைப்பு வேண்டுவதில்லை. மசூலாப் படகின் நிலை வேறு. சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தவை அப்படகுகளே. அலையின் மோதலுக்கு வளைந்து கொடுக்கும் பொருட்டு, அவற்றின் பலகைகளை ஆணியால் அறையாது கயிற்றால் தைத்தனர். தையல் உண்டாயின் துளை உண்டு. துளை உண்டாயின் கசிவு உண்டு. ஆதலின், தையலின் கீழ் நார் முதலியவற்றை வைத்து இறுக்கினர். பிற பலகைப் படகுகளின் மூட்டுகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பூச்சினால் அடைப்பதும் உண்டு. இத்தொழிலைக் கலப்பற்று என்பர்.

பின்னர் எந்திரக் காலம் வந்தது. நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓல் எவின்ரூட் என்பார், படகின் பின்புறத்தில் மாட்டத்தக்க எந்திரத்தை 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவ்வகை எந்திரமே இன்று அவுட்போர்டு எஞ்சின் என உலகெங்கும் வழங்குகின்றது. நம் கடற்கரையிலோ, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடி நாரிழையால் ஆகிய ஃபைபர் படகுகள் பெருகின. பொருள் மாறிற்று, கருவி மாறிற்று, துளையும் நீரும் மட்டும் மாறவில்லை.

படகின் முற்பகுதியை அணியம் என்றும் பிற்பகுதியை அமரம் என்றும் கூறுவர். அமரத்திற் குறுக்கே சுவர்போல் நிற்பது பின்பலகை. ஃபைபர் படகுகள் பலவற்றில் இப்பலகை, நாரிழைத் தோல் இரண்டனுக்கு இடையே ஒட்டுப்பலகையை வைத்துச் செய்யப்படுவது. சிறிய எந்திரத்தைப் பிடிதிருகால் மாட்டுவர். பெரிய எந்திரத்தையோ, போல்ட்டு எனப்படும் மரையாணிகள் நான்கினைப் பின்பலகையில் ஊடுருவச் செலுத்தி இறுக்குவர். பெரிய எந்திரம் 100 கிலோகிராமுக்கு மேலும் எடையுடையது. நீரினுள் சுழலும் விசிறி படகை முன்னோக்கித் தள்ளுங்கால், எந்திரத்தின் கீழ்ப்பகுதி பலகையை அழுத்துகின்றது. மேற்பகுதி பலகையை விட்டுப் பின்னோக்கி விலக முயல்கின்றது. இவ்விழுப்பைத் தாங்குவன மேலுள்ள ஆணிகள். ஆகவே, பின்பலகையின் வலிமையே படகின் வலிமை என்னலாம்.

இனி, நீர் புகும் வகையைக் காண்போம். 12 மில்லிமீட்டர் அகலமுள்ள துளை ஒன்று, நீர்மட்டத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே திறந்து கிடப்பதாகக் கொள்வோம். அதன்வழி நிமிடத்திற்கு 5 லிட்டருக்கு மேலும் நீர் உட்புகும். ஒரு மணி நேரத்தில் அது 300 லிட்டருக்கும் மேலாகும். எனினும், இதனைக் கண்டவர் உடனே அடைத்துவிடுவர். அஞ்சத்தக்கது ஆணியை ஒட்டிய மயிரிழை இடைவெளியே. அதன்வழி ஊறும் துளிநீர் உள்ளே சொட்டுவதில்லை. இரு தோல்களுக்கும் இடையேயுள்ள மரத்தினுட் பரவுகின்றது. உலர்ந்த மரத்தைப் பூஞ்சை தின்னாது. ஈரம் தங்கிய மரத்தைத் தின்னும். இதில் கடல்நீரினும் மழைநீரே மிகுதியாகத் தீங்கு செய்யும். வெளித்தோல் பளபளவென்று விளங்க, உள்ளே மரம் மக்கிப் பொடியாகின்றது. நடுக்கடலில் எந்திரம் முழுவிசையோடு இயங்கும்போது, மக்கிய பலகை பிளந்து எந்திரம் பெயருமானால், படகிலுள்ளோர் நிலை யாதாகும்!

இக்கேட்டைத் தடுக்கும் முறை அரிதன்று; பொறுமையே வேண்டும். 12 மில்லிமீட்டர் ஆணிக்கு 20 மில்லிமீட்டர் அளவில் முதலில் துளையிடுக. அத்துளையை எபாக்சி என்னும் கெட்டிக்கூழால் நிரப்பி, அது நன்கு இறுகிய பின்னர், அதன் நடுவே ஆணிக்குரிய துளையை இடுக. இப்போது ஆணியைச் சூழ்ந்திருப்பது மரமன்று. நீர் ஊறாத வளையம். துளையின் வெளிவாயைச் சிறிது சரித்து அகலப்படுத்துக; அடைப்புப் பசை அவ்விடத்தில் வளையமாய்த் தங்கும். ஆணியின் கழுத்திலும் தண்டிலும் பசையைத் தடவி வெளியிலிருந்து செலுத்துக. உட்புறத்தில் அகன்ற வாசரையோ உலோகத் தகட்டையோ வைத்து, ஆணித்தலையை அசையாது பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருகுக. ஆணியையே திருகினால் பசையின் பிடிப்பு அறுந்துவிடும்.

பசையைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். சிலிக்கோன் பசை மலிவாகக் கிடைப்பினும் இதற்கு ஏற்றதன்று. அது பூசிய இடத்தில் பிற்பாடு வேறு பசை எளிதில் ஒட்டாது. ஒருகாலும் விடாத பசையும் வேண்டா. ஆணியைக் கழற்றும்போது அது படகின் தோலையும் உரித்துவிடும். ஆணி துருவாத எஃகால் ஆனதாயிருத்தல் நன்று. ஆயினும், அவ்வெஃகைக் காக்கும் மெல்லிய படலம் நிலைபெற உயிர்வளி வேண்டும். காற்றுப் புகாத ஈரத்துள் அடைபட்டுக் கிடப்பின் துருவாத எஃகும் அரிக்கப்படும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கைதேர்ந்தோர் பலர் வெளிப்புறத்தை மட்டுமே அடைப்பர். உட்புறத்தைப் பசையிட்டு மூடார். ஏன்? வெளியடைப்பு என்றேனும் பழுதாகுமாயின், உள்ளே ஒரு துளி நீர் தோன்றி அதனை அறிவிக்கும். இருபுறமும் மூடிவிட்டால், புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்திலே தங்கும்; குற்றமும் மறைந்து வளரும். ஆண்டுதோறும் பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் நல்வழக்கம். வலிய மரம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும்.

மாணவர்களே! ஆணியை இறுக்கியபின் அதன் துளையை எவரும் காண்பதில்லை. அதனைச் செவ்வையாகச் செய்தவனுக்குப் பாராட்டும் இல்லை. செய்யாதவனுக்கு அன்றே பழியும் இல்லை. ஆயினும், இருளில் கடலுக்குச் சென்று விடியலில் கரை திரும்பும் மீனவர் உயிர் அம்மறைவான இடத்திலேயே தங்கியுள்ளது. பிறர் காணாத இடத்திலும் பிழையின்றிச் செய்வதே தொழில். தன் பிழை தன் கண்ணிற்படுமாறு ஒரு வழியைத் திறந்து வைப்பதே அறிவு.

பயிற்சி

1. கட்டுமரத்திற்கு அடைப்பு வேண்டாமைக்குக் காரணம் யாது?
2. திறந்த துளையினும் மயிரிழைக் கசிவு கொடியது என்பதை விளக்குக.
3. உட்புறத்தை அடையாது விடுவதன் பயனைக் கூறி, அக்கருத்து மக்கள் வாழ்விற்கும் பொருந்துமாற்றை ஒரு பத்தியில் எழுதுக.