வேலூர் வெயில் வேற, சென்னைப் புழுக்கம் வேற

"வேலூர் வெயிலையே பார்த்தவள், மெட்ராஸ் என்னடி பண்ணிடும்?" என்கிறாய். நானும் இதே வசனத்தைப் பேசிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். சென்ட்ரலில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதற்குள் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நம்மூரில் அடிப்பது வெக்கை, இங்கே புழுக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது, வியர்வை காய வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை காயும்போது சுமார் 580 கிலோகலோரி சூட்டை உடம்பிலிருந்து இழுத்துக்கொண்டு போகும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது எங்கே காயும்? சொட்டி வீணாகிறது. அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி, நிழலில் 32 டிகிரி இருக்கும்போது ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்கு 33 போலத் தெரியும். அதே 32, ஈரப்பதம் 70 ஆனால் 41 போல வதைக்கும்.

அதனால் போனில் டிகிரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதே. ஈரப்பத சதவீதமும் சில நேரம் ஏமாற்றும். விடியற்காலையில் 85 காட்டும், ஆனாலும் மத்தியான அளவுக்குப் புழுங்காது. காற்றில் நிஜமாக எவ்வளவு ஈரம் என்று சொல்லும் 'டியூ பாயிண்ட்' என்று ஒன்று இருக்கும், அதைப் பார். 24-ஐத் தாண்டினால் கசகசப்பு நிச்சயம்.

மத்தியானம் கடற்காற்று வரும். வெயிலின் கடுமை கொஞ்சம் குறையும், கூடவே ஈரமும் வரும். மே, ஜூனில் மேல்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று லேட்டாகும். 40-ஐத் தொடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். வெளிவேலை இருந்தால் காலையிலேயே முடித்துவிடு.

ஹாஸ்டல் ரூமுக்குள் துணி காயப்போடாதே. மொத்த ஈரமும் ரூமுக்குள்தான் சுற்றும், நீ அதில் வேகவேண்டியதுதான். மொட்டைமாடி எதற்கு இருக்கிறது? ஃபேனுக்கு நேராகப் படு. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டாலே பாதி நிம்மதி. ஏசி இருந்தால் 'டிரை' மோடில் போட்டுப் பார், 18-ல் வைத்து நடுங்கவேண்டிய அவசியம் இல்லை.

லெக்கின்ஸை மூட்டை கட்டி வை. தொளதொள காட்டன்தான் இங்கே லாயக்கு. வியர்க்குரு வந்தால் பவுடரை அப்பாதே. வியர்வையோடு சேர்ந்து களிம்பாகி இன்னும் அடைக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்து நன்றாகத் துவட்டு, போதும்.

வியர்வை காயாவிட்டாலும் உப்பும் தண்ணீரும் போவது போவதுதான். உப்புப் போட்ட நீர்மோர் குடி.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. கூட இருப்பவள் வெயிலில் குழறிப் பேசினால், தடுமாறினால், "வியர்க்குதே, ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடாதே. வியர்க்கும்போதும் ஹீட் ஸ்ட்ரோக் வரும். நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறு, 108-ஐக் கூப்பிடு.

அப்புறம், ஊரிலிருந்து ஏர்கூலரை லக்கேஜில் ஏற்றாதே. அது தண்ணீரைக் காற்றில் கலந்துதான் குளிர்விக்கும்; இங்கே காற்று ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது. அம்மா மண்பானையும் கட்டிக் கொடுப்பாள். அதை வாங்கிக்கொள், ஆனால் வீட்டுப் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று நம்பிவிடாதே. அதுவும் கசிந்து காய்ந்துதானே குளிரவேண்டும்?