பெருவழியும் சிறுவழியும்

நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூருக்குக் கால்நடையாய்ச் செல்ல விரும்பும் ஒருவன் எவ்வழியே செல்லவேண்டும்? இவ்வினாவை இக்காலத்து மாணவர் ஒருவரிடம் வினவினால், நடப்பானேன், பேருந்தில் ஏறிச் செல்லலாமே என்று விடை கூறுவர். விடை தவறன்று, ஆயினும் அது வினாவுக்கு விடையாகாது. அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களுக்கிடையே மனிதன் தன் கால்களைக்கொண்டு அச்சமின்றிச் செல்லுதற்கு வழி உண்டா, இல்லையா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இது பொழுதுபோக்குக்காக நடப்பாரைப் பற்றிய பொருள் மட்டுமன்று. வயலுக்குச் செல்லும் பெண்டிரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவரும், விரதம் பூண்டு கோயிலுக்கு நடக்கும் அடியாரும் நாள்தோறும் எதிர்நோக்கும் பொருளாம். ஆதலின் தொப்பூரை முன்னிட்டு இதனைச் சிறிது விரித்துரைக்கக் கருதினோம்.

முதற்கண் நிலத்தின் அமைப்பை அறிந்துகொள்வோம். தருமபுரி மாவட்டத்தின் தென்கோடியிலே, நல்லம்பள்ளி வட்டத்தில் உள்ள ஊர் தொப்பூர். வடக்கே தருமபுரி மேட்டுநிலமும் தெற்கே சேலத்தின் தாழ்நிலமும் கிடக்க, இவ்விரண்டையும் இணைக்கும் படிபோல் அமைந்தது தொப்பூர்க் கணவாய். இருபுறமும் குன்றுகளும் குறுங்காடுகளும் நெருங்கி நிற்கின்றன. சேர்வராயன் மலைப்பக்கத்து நீரைத் தாங்கி வரும் தொப்பையாறு மேற்கு நோக்கிச் சென்று மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கின்றது. மேட்டூர், பவானி வழியாக ஈரோட்டுக்குச் செல்லும் சாலையும் தொப்பூரிலேயே பிரிகின்றது. வழிகள் கூடுமிடம் இஃது என்பது இதனால் விளங்கும்.

இவ்வாறமைந்த நிலத்தில் நெடுங்காலமாகவே வழிப்போக்கர் நடமாட்டம் இருந்துவந்திருக்கிறது. தகடூர் என்று பழம்பெயர் பெற்ற தருமபுரி அதியமான்களின் தலைநகர். அவ்வூருக்கு அருகே பதிகால்பள்ளம் என்னுமிடத்தில் ஒரு மைற்கல் கண்டெடுக்கப்பட்டது. அது அதியமான் பெருவழியில் நாட்டப்பட்டது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு அங்கிருந்து 29 காதம் என்பது அதிற் பொறிக்கப்பட்ட செய்தி. அக்கல்லிலே நாம் வியந்து நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. எழுத்தறியாத வழிப்போக்கனும் தொலைவை அறியும்பொருட்டு, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெருங்குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறுகுழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. கல்வியில்லாதான் ஒருவன் சுமையோடு நடந்து வருவான், அவன் விரலால் தடவிப் பார்த்தேனும் எஞ்சிய தூரத்தை அறியட்டும் என்று எண்ணிய உள்ளம் எத்தகையது! அக்காலத்துப் பெருவழி என்பது நடப்பவனை மனத்திற்கொண்டு சமைக்கப்பட்ட வழி.

பிற்காலத்திலும் அவ்வாறே. மூன்றாம் மைசூர் யுத்தத்தின்போது, 1790 நவம்பரில், திப்பு சுல்தானின் சேனையும் ஜெனரல் மெடோஸின் சேனையும் இக்கணவாய் வழியே சென்றன. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை கம்பெனியார் வசமாயிற்று. அதனை நிர்வகித்த அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராய் 1799 வரை இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராய்ச் சென்று நிலத்தை அளப்பித்தனர். சேனையாயினும் சர்வேயாயினும் பாதையின் வேகம் காலின் வேகமும் மாட்டின் வேகமுமாகவே இருந்தது. ஆதலின் ஒரே வழியில் யாவரும் செல்ல இடமிருந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இக்கணவாயின் வழியே செல்கின்றது. வடக்கிலிருந்து வரும் பாரவண்டிகள் நீண்ட இறக்கத்தில் இறங்குகின்றன. சில ஓட்டுநர் எண்ணெயை மிச்சப்படுத்தக் கருதிப் பற்சக்கர இணைப்பை விடுத்து வண்டியைத் தானே உருளவிடுவதாலும், இடைவிடாது அழுத்தப்பட்ட பிரேக்குகள் சூடேறிச் செயலிழப்பதாலும், வண்டிகள் அடங்காமல் முன்செல்வனவற்றின்மேல் மோதுகின்றன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே நேர்ந்த கோர விபத்துகளில் உயிர்கள் மாண்டதை நாடறியும். வண்டிக்குள் இருப்போர்க்கே இக்கதியெனின், சாலையோரத்தில் தனித்து நடப்பான் நிலையை என்னென்பது! இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளால் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. ஐவருள் ஒருவர் நடந்து சென்றதற்காகவே உயிரிழந்தார் என்பது இதன் பொருள்.

இங்ஙனமாயின் நெடுஞ்சாலை தீயதோ எனின், அன்று. நோயாளியை விரைவில் சேலத்து மருத்துவமனைக்குச் சேர்ப்பதும், உழவன் விளைவித்த பண்டத்தைத் தூரதேசத்துச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் அதுவே. ஆயினும் அது தூரத்தேயுள்ள நகரங்களை ஒன்றற்கொன்று அண்மையாக்கிய அளவில், அண்மையிலுள்ள ஊர்களை ஒன்றற்கொன்று சேய்மையாக்கிவிட்டது. சாலையின் இப்பக்கத்து வீட்டிலிருந்து அப்பக்கத்துக் கொல்லையை அடைதற்கு ஒருவன் அஞ்சி நிற்கிறான். பெங்களூருக்குச் செல்வானுக்கு வழி உண்டு. பக்கத்து ஊருக்குச் செல்வானுக்கு வழி இல்லை. இக்குறையை நீக்கவல்லவை சிறுவழிகளே.

அச்சிறுவழிகள் எங்கே உள எனின், நம் நாட்டில் அவற்றைப் புதிதாய்ப் படைக்கவேண்டுவதில்லை. தேடி எடுத்தால் போதும். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம வரைபடமும், புல வரைபடமும், ‘அ’ பதிவேடும் உண்டு. பட்டா நிலங்களோடு ஏரி, ஓடை, வண்டிப்பாதை, நடைபாதை ஆகிய புறம்போக்குகளும் அவற்றிற் குறிக்கப்பட்டிருக்கின்றன. பதிவேட்டையும் புல வரைபடத்தையும் இப்போது அரசின் இணையவழிச் சேவையிலும் பார்க்கலாம். நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமங்களின் வரைபடங்களை வரிசையாய் வைத்து நோக்கினால், ஓர் ஊரின் வண்டிப்பாதை எல்லையில் முடியுமிடத்தில் அடுத்த ஊரின் பாதை தொடங்கக் காணலாம். படம் காட்டுவதை ஊராரிடம் கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். ஆடு மேய்ப்போரும், பால் கொண்டு செல்வோரும், தபால்காரரும் இவ்விஷயத்தில் நமக்கு ஆசிரியராவர்.

இனி, நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர்ப் பயணத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற்பகுதி, நெடுஞ்சாலையை விட்டு விலகி ஊர்ச்சாலையை அடைதல். விலகும்போது சாலையைக் கடக்க நேரின், சுரங்கப்பாதையோ பாலமோ உள்ள இடத்தைத் தேடிச் செல்லவேண்டும். நடுத்தடுப்பின் இடைவெளியை வாயிலாகக் கருதுதல் கூடாது. இரண்டாம் பகுதி, பாளையம்புதூர்ப் பக்கம் வரை ஊர்தோறும் செல்லும் சிறு தார்ச்சாலைகளையும் வண்டிப்பாதைகளையும் ஏரிக்கரைகளையும் இணைத்து நடத்தல். இதுவே பயணத்தின் இனிய பகுதி. வளைந்து செல்வதால் தூரம் மிகும். நெடுஞ்சாலைக் கணக்கோடு மூன்றிலொரு பங்கு கூட்டிக்கொண்டு, மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் காலத்தை வகுத்துக்கொள்ளுதல் நலம். மூன்றாம் பகுதி, கணவாய்.

கணவாயைப் பற்றிச் சிறிது அழுத்தமாகக் கூறவேண்டும். சமநிலத்தில் ஒரு சாலைக்குப் பதிலாக வேறொரு பாதை காணலாம். மலையிடுக்கிலோ நிலமே வழியைக் குறுக்கிவிடுகிறது. சாலையை விட்டு விலகினால் காட்டுக்குள் புகவேண்டும். காப்புக்காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றிப் புகுதல் குற்றம், அன்றியும் ஆபத்து. கிழக்கே சிவாடி, முத்தம்பட்டி வழியாக வரும் இருப்புப்பாதையைக் கண்டு, அதன்வழி நடக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரியது. அப்பாதையில் 2021 நவம்பர் 12ஆம் நாள் விடியற்காலையில் மலையிலிருந்து பாறைகள் உருண்டு விழ, கண்ணூரிலிருந்து யஷ்வந்தபூர் சென்ற விரைவு வண்டி தடம்புரண்டதையும் நினைவிற் கொள்க. ஆதலின் கணவாயின் இறக்கத்தை மட்டும் நகரப் பேருந்தில் கடந்து, தொப்பூரில் இறங்கி மீண்டும் நடத்தலே அறிவுடைமை. நடைவிரதம் உயிரினும் பெரிதன்று.

நடப்போர் கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கங்களும் சில உள. விடியலிற் புறப்பட்டு வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை முடித்தல். நீர் உடன் கொண்டுசெல்லல். பாதையோரம் அமையாத சாலையில் எதிர்வரும் வண்டிகளைக் காணுமாறு வலப்பக்கம் நடத்தல். விளைநிலத்தில் வரப்பை மிதிக்குமுன் நிலத்துக்குரியாரிடம் ஒரு சொற் கேட்டல். படலைத் திறந்தால் மூடிச் செல்லல். வழி கொடுத்தவன் மனம் வருந்தினால் அடுத்து வருவோனுக்கு வழி அடைபடும் அன்றோ?

இவ்விடத்திற் சட்டம் கூறுவதை மாணவர் அறிந்திருத்தல் மிக அவசியம். 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பிறர் நிலத்தின் மீதான ஒரு வழியை உரிமையாகவும் வெளிப்படையாகவும் பூசலின்றியும் இடையறாது 20 ஆண்டு அனுபவித்து வந்தவனுக்கு அவ்வழியின்மேல் உரிமை நிலைபெறும் என்கின்றது. அரசு நிலமாயின் 30 ஆண்டு. அச்சட்டத்தின் 47ஆம் பிரிவோ, அத்தகைய வழியுரிமை தொடர்ந்து 20 ஆண்டு பயன்படுத்தப்படாமற் கிடந்தால் பொதுவாக அற்றுப்போம் என்கின்றது. நடந்தால் பிறக்கும், நடவாவிட்டால் இறக்கும் உரிமை இது! புறம்போக்குப் பாதை இவ்வாறு சட்டத்தால் இறப்பதில்லை. ஆயின் நடப்பாரற்ற பாதையில் முள் மண்டும், பின்பு வேலி வரும், பின்பு உழவு வரும். பதிவேட்டில் மட்டும் பாதை எஞ்சிநிற்கும். ஒரு தலைமுறை முழுவதும் வண்டியேறிச் சென்றுவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் பாதை இராது என்பது வெறுங்கற்பனையன்று.

பிற தேசத்தார் இதனை உணர்ந்து காத்துக்கொண்ட வரலாறும் உண்டு. இங்கிலாந்திலே 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தின்மேல் உழைப்பாளிகள் திரளாக ஏறி நடந்து, சிலர் சிறையும் சென்றனர். 1949ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்து அணுகுரிமைக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி உள்ளாட்சி மன்றங்கள் தத்தம் பகுதியிலுள்ள பொதுநடைபாதைகளை யெல்லாம் ஆராய்ந்து வரைபடத்திற் பதியலாயின. அவர்கள் புதிதாய் வரைய நேர்ந்ததில் ஒரு பகுதி நம் கிராமக் கணக்குகளில் முன்னமே கிடக்கின்றது. நம்மிடம் குறைவது ஏடு அன்று. அதைத் திறந்து பார்த்து நடக்கும் பழக்கமே.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. வரும் விடுமுறையில் உங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையேயுள்ள ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிராம வரைபடத்தில் அதைக் காணுங்கள். முதியோரிடம் அதன் பெயரைக் கேட்டெழுதுங்கள். இருவர் மூவராய் நடந்து, அடைபட்ட இடங்களைக் குறியுங்கள். குறித்ததை ஊராட்சியாரிடம் கொடுங்கள். பழைய பட்டணவாசிகளாகிய மாணவரும் ஊர் திரும்பும்போது இதிற் கைகொடுக்கலாம். பூர்வ பாதைகளை விசாரிக்கும்படி எரேமியா தீர்க்கதரிசி கூறியது ஆத்தும நெறியைக் குறித்ததே. ஆயினும் பாதையைக் காண்பதோடமையாது அதில் நடக்கவும் வேண்டும் என்னும் அவர் கருத்து மண்மேலுள்ள பாதைக்கும் பொருந்தும். கல்லிலே குழி வெட்டி எழுத்தறியாதானுக்கு வழிகாட்டிய நாட்டில், எழுத்தறிந்த நாம் அவன் நடந்த வழியை இழந்துவிடலாகாது.