வாடகை லொறியில் இடமாற்றம்: மலைப் பாதைக்கேற்ற ஏற்றுமுறை

தோட்டப்புற பஜார்களில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம் என்ற அமைப்பே அதிகம். ஆகவே பசறையிலோ, லுணுகலையிலோ, ஹாலிஎலயிலோ ஒரு வியாபாரி இடம் மாறும்போது அரிசி மூடையும் அலுமாரியும் ஒரே லொறியில்தான் ஏறுகின்றன. நாட்டாமைக் கூலியை மிச்சப்படுத்த மகன்மாரையும் மச்சான்மாரையும் சேர்த்துக்கொண்டு நாமே ஏற்றிவிடுகிறோம். நல்லதுதான். ஆனால் ஒரு கண்ணாடி ஷோகேஸ் உடைந்தால் மிச்சம் பிடித்த கூலி முழுவதும் போய்விடும். பாரம் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

கொழும்புத் தெருவில் ஏற்றுவதுபோல் இங்கே ஏற்ற முடியாது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். கொழும்பு நோக்கிச் செல்லும் லொறி முதலில் அந்த ஏற்றத்தை ஏறி, பின்னர் பெரகல, ஹல்துமுல்ல வழியாகப் பலாங்கொடைப் பக்கம் இறங்க வேண்டும். ஏறும்போது சாமான்கள் பின்கதவை நோக்கித் தள்ளும். இறங்கும்போது சாரதியின் பக்கம் தள்ளும். வளைவுகளில் வெளிப்பக்கம் சாயும். இந்த மூன்று தள்ளல்களையும் மனதில் வைத்தே ஏற்ற வேண்டும்.

லொறியைத் தெரிவு செய்தல்

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 50 கிலோ மூடை 20 இருந்தால் அதுவே ஒரு தொன். பட்டா லொறி தாங்குவது ஏறத்தாழ முக்கால் தொன்தான். வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய அளவு தெரியும். பதினாலரை அடி லொறி தோட்டப் பாதையில் திரும்புமா, சிறு பாலங்கள் தாங்குமா என்பதை முன்கூட்டியே நடந்துபோய்ப் பாருங்கள். திரும்பாது என்றால் சிறிய லொறியில் பிரதான வீதி வரை இறக்கி, அங்கே மாற்றி ஏற்றுவதே பாதுகாப்பு.

பொதி கட்டுதல்

பாரமான பொருளுக்குச் சிறிய பெட்டி, இலேசான பொருளுக்குப் பெரிய பெட்டி. கொப்பி, புத்தகம், டின் வகைகளைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் அடிப்பாகம் பிய்ந்துவிடும். பீங்கான் தட்டுகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். ஷோகேஸ் கண்ணாடிகளைக் கழற்றி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே செங்குத்தாக வையுங்கள்.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சவர்க்காரம், மண்ணெண்ணெய் அருகே அதை வைத்தால் வியாபாரத்துக்கு உதவாது. குளிர்சாதனப் பெட்டியை முதல் நாளே நிறுத்தி நீரை வடித்து, நிமிர்த்தியே கொண்டுசெல்லுங்கள். படுக்கவைக்க நேர்ந்தால், இறக்கிய பின் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டே மின்சாரம் கொடுங்கள். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வை மூடி, காற்றுப்படும் இடத்தில் நிமிர்த்திக் கட்டுங்கள். அதைச் சாரதி ஆசனப் பக்கம் வைக்கவே கூடாது.

ஏற்றுதல்

மூடைகள், தராசு, இரும்பு றாக்கைகள் போன்ற பாரமானவை அடியில், முன்சுவரோடு ஒட்டி வர வேண்டும். பாரம் பின்கதவுப் பக்கம் கூடினால் ஏற்றத்தில் முன்சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும். இடது வலது இரு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். மூடைகள் ஒருபக்கம், மெத்தைகள் மறுபக்கம் என்று ஏற்றிய லொறி வளைவில் சாயும். இடைவெளிகளில் துணி மூட்டைகளைச் செருகுங்கள். ஓரளவு ஏற்றியதும் குறுக்கே ஒரு கயிறு போட்டு இறுக்கிவிட்டு, அடுத்ததை ஏற்றுங்கள். எல்லாம் முடிந்து ஒரே கயிறு போட்டால் நடுவிலுள்ளவை ஆடும். புதிய இடத்தில் முதலில் தேவைப்படும் அடுப்பு, பாய், குழந்தைகளின் சாமான்களைக் கடைசியாக ஏற்றுங்கள். சாமான்களின் மேல் எவரையும் உட்கார வைக்காதீர்கள்.

வழியும் மழையும்

யூன் முதல் ஓகஸ்ட் வரை பதுளையில் வானம் தெளிவாக இருக்கும். அதே நாட்களில் இரத்தினபுரிப் பக்கம் மழை கொட்டும். பதுளை வானத்தைப் பார்த்துப் படங்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் மழை நம் பக்கம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளை நாம் மறக்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பாரம் கூடிய லொறியில் அந்த ஆபத்து இரட்டிப்பு. அரை மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, கயிறுகளை மீண்டும் இறுக்குங்கள். புதுக் கயிறு முதல் ஓட்டத்தில் தளரும்.

காப்புறுதியும் கணக்கும்

லொறியின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் சாமானுக்கு ஈடு தராது. பெறுமதியான சரக்கு என்றால், ஏற்றிச்செல்லும் பொருளுக்குத் தனிக் காப்புறுதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். ஒவ்வொரு பொதிக்கும் இலக்கம் இட்டு, இரண்டு சிட்டை எழுதி, ஒன்றைச் சாரதியிடம் கொடுத்து, இறக்கும்போது சரிபாருங்கள்.

கடன் கொப்பி, காணி உறுதி, நகை, பிறர் அமானிதமாகத் தந்தவை ஆகியவற்றை லொறியில் ஏற்றாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கவிழ்ந்த அரிசியை மீண்டும் வாங்கலாம். தோட்டத்து வாடிக்கையாளர்களின் பல வருடக் கணக்கு தொலைந்தால், அவர்களுக்கும் நமக்கும் இடையிலுள்ள நம்பிக்கையை எந்தக் காப்புறுதியும் மீட்டுத் தராது.