இரண்டு விளக்கில் ஒரு நள்ளிரவு

கேள்வி: 16 எம்.எம். பிலிமில் குறும்படம் எடுக்கிறோம். கோடக் 500டி ரோல், டி1.3 வரை திறக்கும் லென்ஸ். விளக்கு என்று பார்த்தால் 1000 வாட் ஹாலஜன் இரண்டும் தெர்மோகோல் அட்டைகளும்தான். ஜெனரேட்டருக்குக் காசில்லை. வீட்டை விட்டு ஓடும் ஒருவன் நள்ளிரவில் ஊர்த்தெரு முழுக்க நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டும். பகலிலேயே எடுத்து நீலமாக்கிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
- உதவி இயக்குநர் ஒருவர், தேனி

பதில்: வேண்டாம். வானம் ஃப்ரேமுக்குள் வந்தால் டே ஃபார் நைட்டின் குட்டு வெளிப்பட்டுவிடும். தெருவிளக்கு எரிவதும் பகல் வெளிச்சத்தில் எடுபடாது. பாலைவனத்துக்குச் சரி, ஊர்த்தெருவுக்குச் சரிவராது.

தெரு முழுவதும் தெரியும் வைடு ஷாட்டை மட்டும் அந்தியில் எடுங்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து வானம் கருநீலமாகும். தெருவிளக்கும் ஜன்னல் வெளிச்சமும் அப்போது அதற்குச் சமமாக நிற்கும். பத்து நிமிடம்கூட நீடிக்காது. மதியமே ஒத்திகை பார்த்துவிடுங்கள். தெருவிளக்கு போடுபவரிடம் அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போடச் சொல்லி வையுங்கள்.

மற்ற ஷாட்டுகள் நிஜ இரவில். முதல் ஹாலஜனை கேமராவுக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். விளக்கை நோக்கி நடந்து வருபவரின் முகம் பத்தடிக்குள் வெளுத்துவிடும். தெருக்கோடியில் ஒரு மொட்டை மாடிக்கு அதை ஏற்றி, நடிகரின் முதுகுப்பக்கமிருந்து சற்றுச் சாய்வாக அடியுங்கள். தலைமுடி, தோள், பையின் விளிம்பு மட்டும் துலங்கும். மற்றது இருட்டாகவே இருக்கட்டும். இரண்டாவது விளக்கை ஒரு வெள்ளைச் சுவரிலோ தெர்மோகோலிலோ அடித்துத் திருப்பினால் முகத்துக்குப் போதும். முகம் இரண்டு ஸ்டாப் குறைவாக இருந்தால் கவலை வேண்டாம்.

இரவுக் காட்சிதானே என்று எல்லாவற்றையும் அண்டர் எக்ஸ்போஸ் செய்வதுதான் பலரும் விழும் பள்ளம். மெலிந்த நெகட்டிவ் கறுப்பைத் தராது. சாம்பல் பூத்து கிரெயின்தான் கொதிக்கும். மீட்டரில் 500-க்குப் பதில் 320 போடுங்கள். அந்தக் கணக்கில் டி2-இல் சுமார் 15 ஃபுட்கேண்டில் விழுந்தால் முழு எக்ஸ்போஷர். இருட்டை கிரேடிங்கில் இறக்கிக்கொள்ளலாம். லேபில் ஒரு ஸ்டாப் புஷ் செய்வது கடைசி வழி. கான்ட்ராஸ்ட் ஏறும், நிழலுக்குள் விழாத விவரம் முளைக்காது. டி1.3-ஐயும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபோகஸ் புல்லர் வாழ்த்துவார்.

ஃப்ரேமுக்குள் எங்காவது ஒரு பிரகாசமான புள்ளி இருக்கட்டும். தூரத்து டீக்கடை பல்பு போதும். அதைப் பார்த்த கண்தான் மிச்சத்தை இருட்டு என்று நம்பும்.

நிலா வெளிச்சத்துக்காக ஹாலஜன் மேல் நீல ஜெலட்டின் கட்டத் தோன்றும். அரை நீலமே ஏறக்குறைய ஒரு ஸ்டாப்பைத் தின்றுவிடும். இரண்டு விளக்கு வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. உங்கள் பிலிம் டங்ஸ்டனுக்கானது என்பதால் இப்போதைய வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு அதில் தானாகவே நீலமாக விழும். அந்த நீலம் இலவசம்.

கரண்ட் வீட்டிலிருந்து எடுக்கலாம். 1000 வாட் விளக்கு 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஒன்றுதான் தாங்கும். ஒரே வீட்டில் இரண்டும் வேண்டுமென்றால் கீஸருக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டைக் கேளுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் பழைய சோக் வைத்த டியூப் லைட் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃப்ரேம், 180 டிகிரி ஷட்டர் என்று ஓட்டும்போது வெளிச்சம் துடிக்கலாம். 25 ஃப்ரேமில் எடுங்கள், அல்லது ஷட்டரை 172.8 டிகிரிக்குக் குறையுங்கள். கேமராவில் இரண்டுமே முடியாதென்றால் அன்றிரவுக்கு மட்டும் அனுமதி கேட்டு டியூப்பைக் கழற்றி, குண்டு பல்பு மாட்டிவிடுங்கள்.