தலைமையும் வாய்மையும்

பாரதப் போரின் பதினைந்தாம் நாள். பீஷ்மர் வீழ்ந்தபின் கௌரவ சேனைக்குத் தலைமை தாங்கிய துரோணாசாரியாரை எதிர்த்து நிற்க ஒருவராலும் இயலவில்லை. மகன் மாண்டான் என்று கேட்டால் அவர் ஆயுதத்தைக் கீழே வைப்பார் எனக் கண்ணன் உபாயம் சொன்னார். வீமன் அசுவத்தாமன் என்னும் பெயருடைய யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் இறந்தான் என்று கூவினான். துரோணர் நம்பவில்லை. தருமரைக் கேட்டார். மூவுலக ஆட்சி கிடைப்பதாயினும் தருமர் பொய்யுரையார் என்பது அவரது நம்பிக்கை. தருமரோ இறந்ததை உரக்கவும், யானை என்பதை மெல்லவும் சொன்னார். அதுவரை நிலத்திற்கு நான்கு விரற்கடை மேலே சென்ற அவரது தேர் நிலத்தில் இறங்கியது.

பாண்டிருப்பு, உடப்பு முதலிய ஊர்களின் திரௌபதை அம்மன் ஆலயங்களை அறிந்த அடியார்களுக்கு இக்கதை புதியதல்ல. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதே சொல்லை வீமன் சொன்னபோது பலிக்கவில்லை. தருமர் சொன்னபோது பலித்தது. ஆயுள் முழுவதும் அவர் காத்த உண்மையே அன்று அந்தப் பொய்க்கு முதலாயிற்று. தலைவன் ஒருவன் பொய் சொல்லும்போது, தன்னை நம்பியவரின் நம்பிக்கையை எடுத்தே செலவு செய்கிறான்.

நாட்டின் நன்மைக்காக ஆள்வோர் பொய் சொல்லலாம் எனக் கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் இடம் கொடுத்தார். நம் வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்கிறார். மேடைப் பேச்சாளர்கள் இக்குறளை விரும்பி எடுத்தாள்வார்கள். 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்! தருமரின் சொல்லால் வெற்றி அடைந்தது அவரது சொந்தப் பக்கம். உயிர் போனது நம்பிக் கேட்டவருக்கு. அது எப்படிக் குற்றமற்ற நன்மையாகும்? பின்னர் அருச்சுனனே அண்ணனைக் கடிந்துகொண்டான். சுவர்க்கம் புகுமுன் தருமர் நரகத்தைக் காண நேர்ந்ததற்கும் இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

நான் இலிகிதராகக் கடமையாற்றிய காலத்தில் ஓர் உயர் அதிகாரி, வீதி திருத்தக் காசு வந்துவிட்டது என்று கிராமத்துக் கூட்டத்தில் சொன்னார். காசு கேட்டுக் கடிதம் போயிருந்தது, அவ்வளவுதான். அக்கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவன் நான். சனங்கள் கைதட்டினார்கள். நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடங்களின் பின் உண்மையாகவே காசு வந்து, அறிவித்தல் ஒட்டினோம். சிரமதானத்துக்கு ஒருவரும் வரவில்லை.

காந்தி அடிகள் 1919இல் வேறு வழியில் சென்றார். மக்களைப் போதிய அளவு பக்குவப்படுத்தாமல் சத்தியாக்கிரகத்திற்கு அழைத்தது இமாலயத் தவறு என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். பலர் ஏளனம் செய்தனர். அப்படி ஒப்புக்கொண்டதற்காகத் தாம் ஒருபோதும் வருந்தவில்லை எனச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் அழைத்தபோது சனங்கள் பின்னரும் வந்தார்கள்.

சென்ற வருட மகோற்சவக் கணக்கில் உபயகாரர் ஒருவரின் தொகை இருமுறை பதிவாகியிருந்தது. ஒருவரும் கேட்கவில்லை, பற்றுச்சீட்டுப் புத்தகத்தை ஒப்புநோக்கியபோது நாமே கண்டோம். திருத்தம் இம்மலரின் கணக்கறிக்கைப் பக்கத்தில் முதல் வரியாக உள்ளது.