பிள்ளைகள் கொண்டு வந்த உம்ரா

முன்பெல்லாம் ஹஜ்ஜும் உம்ராவும் தலை நரைத்த பிறகு செய்யும் பயணங்கள் என்றே நம்மவர்கள் எண்ணியிருந்தார்கள். அல்லாஹ்வின் அருளால் இன்று அந்த நிலை மாறிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் குடும்பம் குடும்பமாக மக்கா, மதீனாவுக்குப் புறப்படுகிறார்கள். சிறுவர்களை இஹ்ராம் துணியில் காணும்போது மனம் குளிர்கிறது. ஆனால் திரும்பி வந்த பிறகு ஒன்றைச் செய்யத் தவறிவிடுகிறோம். பார்க்க வருவோருக்கு ஸம்ஸம் நீரும் பேரீச்சம் பழமும் கொடுத்து, பயணக் கதையை நாமே சொல்லி முடித்து விடுகிறோம். "நீ என்ன கண்டாய்?" என்று பிள்ளையிடம் கேட்பதில்லை.

சிறு பிள்ளை செய்யும் ஹஜ்ஜும் உம்ராவும் நிறைவேறுமா என்று பலர் கேட்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ரவ்ஹா என்னுமிடத்தில் ஒரு பயணக் கூட்டத்தைச் சந்தித்தபோது, ஒரு பெண்மணி தம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று கேட்டார். ஆம் என்றும், அதன் நற்கூலி உனக்கும் உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள். ஸாயிப் இப்னு யஸீத் (ரலி) அவர்கள் தம் 7ஆவது வயதில் நாயகத்தோடு ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லப்பட்டதாகப் புகாரியில் காண்கிறோம்.

விவரம் அறிந்த பிள்ளை, பொறுப்பாளரின் அனுமதியோடு தானே நிய்யத் செய்து கொள்ளும். விவரம் அறியாத குழந்தைக்காகப் பொறுப்பாளர் நிய்யத் செய்வார். பிள்ளை பருவமடைந்து வசதியும் பெற்றால் கடமையான ஹஜ்ஜைத் திரும்பவும் செய்தாக வேண்டும். சிறு வயதில் செய்தது அதற்கு ஈடாகாது. இஹ்ராமில் தடுக்கப்பட்ட ஒன்றை விவரம் அறிந்த பிள்ளை தெரிந்தே செய்துவிட்டால், அதற்கான பரிகாரம் ஷாஃபிஈ மத்ஹபின்படி பொறுப்பாளரின் பொருளிலிருந்து கொடுக்கப்படும். ஹனபி மத்ஹபில் பிள்ளை மீதும் பொறுப்பாளர் மீதும் பரிகாரம் இல்லை.

சட்டம் இவ்வளவுதான். இதை மதரஸாவில் ஓதினேன். பலருக்கு ஓதியும் கொடுத்தேன். ஆனால் இதற்கு அப்பால் ஒரு பாடம் இருந்ததை என் மகளிடமிருந்துதான் கற்றேன்.

என் மனைவியையும், 9 வயது மகளையும், 6 வயது மகனையும் அழைத்துக் கொண்டு உம்ரா சென்று வந்தேன். வந்த ஒரு வாரத்தில், இஷாவுக்குப் பின் பிள்ளைகளை உட்கார வைத்து, கண்டதையெல்லாம் எழுதச் சொன்னேன். கஅபாவின் கம்பீரத்தைப் பற்றி எழுதுவார்கள். படித்து மகிழலாம் என்பது என் எண்ணம். மகளின் நோட்டில் இப்படி இருந்தது:

"ஸஃபா மர்வாவில் எனக்குத் தண்ணீர் தவித்தது. வாப்பாவிடம் கேட்டேன். சுற்று முடியட்டும் என்று ஏசினார்கள். ஹாஜர் அம்மா பிள்ளைக்குத் தண்ணீர் தேடித்தான் ஓடினார்கள் என்று வாப்பாதான் விமானத்தில் சொல்லித் தந்தார்கள்."

படித்ததும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

நடந்தது உண்மைதான். ஏழு சுற்றும் சேர்த்தால் ஏறத்தாழ 3 கிலோ மீட்டர் நடை. அதற்கு முன் தவாபும் செய்திருந்தோம். பெரியவர்களுக்கே கால் கடுக்கும். வழியில் ஸம்ஸம் குழாய்கள் இருந்தன. இரண்டு நிமிடம் நின்றால் போதும். தொங்கோட்டத்தின் சுற்றுகளை இடைவெளியின்றித் தொடர்வது ஸுன்னத். இடையில் நின்று தண்ணீர் குடிப்பதால் அது முறிந்து விடாது. இந்த மஸ்அலா எனக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டத்தின் நெருக்கத்தில், சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், பிள்ளையைக் கடிந்து கொண்டேன். ஒரு குழந்தையின் தாகத்துக்காக ஒரு தாய் ஓடிய இடத்தில், தாகம் என்று சொன்ன என் குழந்தையை ஏசினேன்!

நாயகம் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழ நாடி நின்றும், குழந்தை அழும் குரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. தொழுகையையே பிள்ளைக்காகச் சுருக்கிய நபியின் உம்மத் நாம்.

மகள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து விட்டாள். "பக்கத்தைக் கிழிச்சிடட்டுமா வாப்பா?" என்றாள். "வேண்டாம்மா, இருக்கட்டும். வாப்பா செய்தது தப்பு. மாப்பு செய்துடும்மா" என்றேன்.

மகனுக்கு எழுத வராது; வாயால் சொன்னான். "அங்கே ஸுப்ஹுக்கு வாப்பா என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. இங்கே எழுப்புறதே இல்லே!" இதற்கும் என்னிடம் பதில் இல்லை. மறுநாள் முதல் அவனையும் எழுப்புகிறேன். சில நாள் வருகிறான்; சில நாள் திண்ணையிலேயே தூங்கி விடுகிறான். ஆனால் எழுப்புவதை நான் விடவில்லை.

அன்புள்ள பெற்றோர்களே! நாம் பிள்ளைகளுக்குக் கஅபாவைக் காட்டுகிறோம். அவர்களோ கஅபாவின் முன் நிற்கும் நம்மையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அங்கே நாம் காட்டிய பொறுமையும் கோபமும், பணியாளரிடம் பேசிய விதமும், முதியவருக்கு வழி விட்டதும் விடாததும் அவர்கள் நெஞ்சில் பதிந்து விடுகின்றன.

ஆகவே, பிள்ளைகளோடு புறப்படுவோர் இவற்றை நினைவில் வைப்பது நலம். நபி இப்றாஹீம் (அலை), ஹாஜர் அம்மையார், இஸ்மாயீல் (அலை) ஆகியோரின் வரலாற்றை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். உபரியான தவாபுகளைக் குறைத்தாவது பிள்ளையின் பசி, தாகம், தூக்கத்தைக் கவனியுங்கள். அதுவும் இபாதத்தே. ஊர் திரும்பியதும், விருந்தினர் முன் ஒப்பிக்க வைக்காமல், தனியே அமர்த்திக் கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்களைக் குத்தினாலும் கோபப்படாதீர்கள். அதிலிருந்து ஓர் அமலையாவது எடுத்து, அவர்களோடு சேர்ந்து வீட்டில் தொடருங்கள்.

தம்மையும் தம் சந்ததியையும் தொழுகையை நிலைநாட்டுவோராக ஆக்கும்படி இப்றாஹீம் (அலை) அவர்கள் துஆச் செய்ததைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. அந்த துஆவில் தந்தை முதலில் தம்மைச் சேர்த்துக் கொண்டார்கள். பிறகே பிள்ளைகளைச் சொன்னார்கள். நாமும் நம்மிலிருந்தே தொடங்குவோம். வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும், நம் பிள்ளைகளின் பயணங்களையும் ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.